முகூர்த்தத்தில் கேட்ட கேள்வி

அரைகுறையாகப் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. வேறு யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது, விடுதி நண்பனிடம் இரவல் வாங்கிய உபநிஷத உரையில் முப்பது பக்கம் படித்திருந்தேன். (மொத்தம் நானூறு பக்கம்.) அந்த முப்பது பக்கத் திமிரோடுதான், யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் நார்த்தாமலையிலிருந்து கிளம்பி அரிமளத்தில் மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன்.

மணவறையில் மீனாட்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் சாதாரண ஆள் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தாக வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம். புரோகிதர் ஹோமத்தில் நெய்யை விடச் சொன்னார். நான் விடவில்லை.

"சாமி, சடங்கைவிட ஞானந்தான் பெருசுன்னு உபநிஷதம் சொல்லுதுல்ல? அப்பறம் எதுக்கு இந்தப் பொகை?"

மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"நாப்பது வருஷமா கல்யாணம் பண்ணி வைக்கறேன். இன்னிக்குத்தான் ஒருத்தன் கேட்டிருக்கான்!" என்று தர்ப்பையை ஓரமாக வைத்துவிட்டு, நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

வேதத்தில் யாகம் ஏன் முதலில் வருகிறது, ஞானம் ஏன் கடைசியில் வருகிறது என்று ஆரம்பித்தார். "நெய்ய விடறப்போ, 'இது என்னோடது இல்லை'ன்னு சொல்றோமே, அதைவிட என்ன தத்துவம் வேணும்? குடுக்கறதுக்குக் கை பழகாம, மனசு மட்டும் 'நான்'ங்கறதை விட்டுடுமா?"

(அருமையான பதில். எனக்குப் புரியத்தான் பத்து வருஷம் ஆயிற்று.)

மாமனார் கடிகாரமும் கையுமாகத் தவித்தார். "சாமி, முகூர்த்தம் முடியப் போகுதுங்க!"

யார் கேட்டது? நானும் விடவில்லை. முப்பத்தோராவது பக்கத்தில் என்ன இருக்கும் என்று குத்துமதிப்பாக ஊகித்து, இன்னொரு கேள்வி போட்டேன்.

"அதுக்கு ஒரே பதில்தான்!" என்று புரோகிதர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

கல்யாணத்தில் புரோகிதர் விரலை உயர்த்தினால் கெட்டிமேளம். தூங்கி வழிந்துகொண்டிருந்த மேளக்காரர் திடுக்கிட்டு விழித்து வெளுத்து வாங்கினார். பந்தலே எழுந்து அட்சதையை வாரி இறைத்தது. பாதி அரிசி, பதில் சொல்லத் திறந்திருந்த புரோகிதரின் வாய்க்குள் போயிற்று. தாலியோ தட்டில், தேங்காய் மேல் பத்திரமாக இருந்தது. நான் திருதிருவென்று விழித்தேன்.

மீனாட்சிதான் எட்டித் தாலியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"எது பெருசுன்னு அப்பறம் பேசிக்கலாங்க. மொதல்ல கட்டுங்க!"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கட்டினேன். மறுபடியும் மேளம் முழங்கியது. எறிய அரிசி இல்லாமல், பாயில் கிடந்ததைப் பொறுக்கி எறிந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மேளக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: "வெரலப் பாக்காதீங்க, தாலியப் பாருங்க." என் மகள் கல்யாணத்திலோ, கன்னிகாதானம் முடிந்த கையோடு, "நீங்க போயி பாயசத்தப் பாத்துக்கங்க" என்று மீனாட்சி என்னைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். பெற்ற மகளின் கெட்டிமேளத்தை நான் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன்.