அக்கறை தாங்காத எலிகள்

‘பதறாதே, பதறாதே’ என்று சொல்லியே நம்மைப் பதறவைக்கும் ஒரு ரக மனிதர்கள் உண்டு. பார்த்திருப்பீர்கள். பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் பின்னாலேயே வாசல்வரை வந்து, ‘பயமா இருக்கா?’ என்று விசாரித்து, இல்லாத பயத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவரிடம், அதே ஆபரேஷனில் பிழைக்காத ஒருவரின் கதையைச் சாங்கோபாங்கமாகச் சொல்லி, ‘உனக்கு அப்படியெல்லாம் ஆகாது’ என்று முடிப்பார்கள். கெட்டவர்களா? இல்லை. அதுதான் கஷ்டம்.

ஹங்கேரியில், செகெட் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பேராசிரியர் ஜோம்போர் இந்த ரகம். அவரிடம் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள் பிரோஷ்கா. அவள் சோதனையில் இடது அறை எலிகளுக்கு ஓயாத தொல்லை: சாய்த்துவைத்த கூண்டு, ஈரப் படுக்கை, நேரங்கெட்ட நேரத்தில் வெளிச்சம். வலது அறை எலிகளுக்கு ஒரு குறையும் கிடையாது. தொல்லை வாரக்கணக்கில் நீடித்தால் மூளையில் உற்சாகம் தரும் டோபமைன் என்ற ரசாயனம் மங்கிப்போகும்; மனம் சோர்ந்த எலி சர்க்கரைத் தண்ணீரைக்கூடச் சீந்தாது. இரண்டு அறைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளுடைய மூன்று வருட உழைப்பு.

ஐந்தாவது வாரம், சுகவாசி எலிகளும் சர்க்கரைத் தண்ணீரைத் தொடவில்லை.

“பதறாத பிரோஷ்கா,” என்றார் ஜோம்போர். “உன் பட்டம் போயிடும்னு நான் சொல்லவே இல்லையே.”

அதுவரை அவளுக்கு அப்படித் தோன்றவே இல்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதுவரை நாளுக்கு இரண்டு தரம் வலது அறைக்குப் போய் எலிகளை நலம் விசாரித்தவர், அதன்பிறகு மணிக்கொரு தரம் போய், கூண்டு கூண்டாக வெளியே இழுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, எலிகள் நிம்மதியாக இருக்கின்றனவா என்று முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். எலிகள் மூலையில் ஒடுங்கின. கடைசியில் அவர் மனைவி அவரைப் பன்னிரண்டு நாள் பாலட்டோன் ஏரிக்கு இழுத்துப்போனாள். எட்டாம் நாள் வலது அறையில் சர்க்கரைப் புட்டிகள் காலி.

திரும்பி வந்தவரிடம், எலிகள் எந்த நாள் எவ்வளவு குடித்தன என்ற கணக்குத் தாளை பிரோஷ்கா நீட்டினாள்.

“சார், இனிமே நீங்க அந்த ரூமுக்கு வராம இருந்தா நல்லது.”

“ஏன், என்னைப் பார்த்து எலிக்குப் பயமா?”

“பயம்னு இல்ல சார். உங்க அக்கறையைத் தாங்க முடியல.”

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். முகம் சிறுத்துவிட்டது. கொத்திலிருந்து வலது அறைச் சாவியைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தார். அவள் சொன்னபடி மறுபடி அந்தப் பக்கம் போகவும் இல்லை. புதிய எலிகளோடு சோதனை திரும்ப நடந்தது. பிரோஷ்காவுக்குப் பட்டமும் கிடைத்தது. நடுவில் ஒரே ஒரு இடைஞ்சல். எலிகளிடம் மிச்சமான நேரத்தை எல்லாம் அவர் அவள் மேஜையருகே நின்று, “நீ நிம்மதியாத்தானே இருக்க?” என்று கேட்பதில் செலவிட்டார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார்தான். இருந்தாலும், நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்களா என்று விசாரித்துப் பாருங்கள். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.