சந்தகை மிஷினில் ஹக்கா நூடுல்ஸ்

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. காலேஜ் தோழிகள் இரண்டு பேரோடு ஃப்ளாட் எடுப்பது என் பிளான். அத்தை வீட்டில் என்னைக் கொண்டுபோய் விடுவது அப்பாவின் பிளான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெங்களூரில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு கேட் ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டப்படும். (எட்டு மணிக்குத்தான் என் தோழிகள் எந்த டிரஸ் போடலாம்னு யோசிக்கவே ஆரம்பிப்பாங்க.)

"சோறாக்கத் தெரியாத புள்ளைய எப்படித் தனியா உடறது, அம்மிணி?" என்றார் அப்பா.

சவால் விட்டேன். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. அம்மா கிச்சனுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்பா, அம்மா, என்னைக் கூட்டிப்போக வரும் அத்தை, மூன்று தட்டும் காலியானால் எனக்கு ஃப்ளாட். அப்பா தலையாட்டினார். ரசம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஹக்கா நூடுல்ஸ் என்றேன். (ஓவர் கான்ஃபிடன்ஸ்னு ஒரு பேப்பர் இருந்திருந்தா நான்தான் யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்.)

அத்தை மதியமே வீங்கிய கன்னத்தோடு வந்து இறங்கினார். முந்தின நாள்தான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்களாம். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். மெல்ல முடியாதவர் தட்டைக் காலி செய்ய மாட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு ஹெப்பாள் பக்கம் ஃபேக்டரியில் வேலை (பெங்களூர் ஹெப்பாள் இல்லைங்க, எங்க ஊர் ஹெப்பாள்). கம்பெனி பஸ் அவரை எங்கள் அக்ரஹாரம் தெருமுனையில் இறக்கிவிட ஆறரை ஆகும். நான் நாலு மணிக்கே ஆரம்பித்து நாலரைக்கு நூடுல்ஸை வேகவைத்து வடித்துவிட்டேன். சமையல் வீடியோவில் ஒரு அக்கா, வடித்ததும் பச்சைத் தண்ணீர், எண்ணெய் என்று என்னமோ சொன்னார். அந்த இடத்தை ஓட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் சூடு ஆறக் கூடாது. எங்கள் வீட்டில் எது ஆறக் கூடாதென்றாலும் ஹாட் பாக்ஸ்தான். அதில் போட்டு, நன்றாக அமுக்கி மூடிவைத்தேன்.

ஆறு மணிக்குத் திறந்தால் நூடுல்ஸைக் காணோம். ஒரே ஒரு பொருள் இருந்தது. கவிழ்த்ததும், ஹாட் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளை கேக் தட்டில் வந்து நின்றது. ஃபோர்க்கைக் குத்தினேன். அதுவும் நின்றது.

அப்போதுதான் பரணில் இருந்த சந்தகை மிஷின் கண்ணில் பட்டது. அம்மா தன் பிறந்த ஊர் ராமாபுரத்திலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. மூன்று இரும்புக் கால், மேலே திருகுகிற கைப்பிடி. வெந்த அரிசிமாவு உருண்டையை உள்ளே போட்டுத் திருகினால் கீழே இடியாப்பம் மாதிரி நூல் நூலாக விழும். அப்படியென்றால் உருண்டையாகிவிட்ட நூடுல்ஸும் நூலாகத்தானே வேண்டும்? நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பை நான் பயன்படுத்திய ஒரே சந்தர்ப்பம் இது.

ஒரு சிக்கல். அந்த மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் திருக, ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள. அம்மாவுக்குத் தடை போட்டவளே நான்தான். தரையில் உட்கார்ந்து, மிஷினின் கால்களை என் பாதங்களால் கவ்விக்கொண்டு திருகினேன். (பாதத்தைக் கழுவினேன்ங்க. பாதியில ஞாபகம் வந்து.)

நூடுல்ஸ் மைதா, அரிசிமாவு இல்லை. அது மல்லுக்கு நின்றது. நூலாக வராமல் அரை இஞ்ச் துண்டுகளாக உதிர்ந்தது. ஓங்கி ஒரு திருகு திருகியதில் மிஷின் என்னையும் இழுத்துக்கொண்டு கதவு வரை போனது. அதே நேரம் அம்மா கதவைத் திறந்தாள். மிஷினைப் பார்த்தாள், என் பாதத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"காலுக்கு சோப்பு போட்டியா, கண்ணு?"

"இப்பத்தாம்மா போட்டேன்."

"இப்பத்தானா," என்று சொல்லி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கோஸ், கேரட், சோயா சாஸ் எல்லாம் போட்டுக் கிளறியதும் அது சேற்றில் விழுந்த உப்புமா மாதிரி இருந்தது. அப்பா, சந்தகைக்கு ஊற்றிக்கொள்கிற தேங்காய்ப்பால் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அப்படியே சாப்பிட்டு முடித்தார். (கேன்டீன்ல பழகின நாக்கு.) அம்மா தோள் குலுங்கக் குலுங்கச் சாப்பிட்டு முடித்தாள். அத்தை ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். மெல்லவே இல்லை, அது தானாக இறங்கியது. அப்புறம் தட்டை நீட்டினார். இன்னொரு தடவையும் நீட்டினார். எதில் செய்தது என்று கேட்டார், சந்தகை மிஷினில் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று தட்டும் காலி. ஃப்ளாட்டுக்கு என்ன கலர் திரைச்சீலை என்பதுவரை மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "ஏன்டா தம்பி, இத்தன பக்குவமா ஆக்கற புள்ளைய ஊரான் புள்ளைங்களுக்கு ஆக்கிப்போடவா அனுப்பற? என்ற வீட்டுக்கு வரட்டும். அந்த மிஷினையும் எடுத்துட்டு வரட்டும்."

அப்பா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேசின பிறகு அவர் பேசியதாகச் சரித்திரம் இல்லை. அந்த மிஷினை எதால் பிடித்துக்கொண்டேன் என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அத்தை வீடு அப்போதே கேன்சல். கூடவே ஃப்ளாட்டும், ஏன், பெங்களூரே கேன்சல். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையைக் கழுவ எழுந்துபோனேன்.

இப்போது அத்தை வீட்டில்தான் இருக்கிறேன். பல் பிடுங்கின புண் ஆறிவிட்டது, ஆசை ஆறவில்லை. சனிக்கிழமைதோறும் சந்தகை மிஷின் நூடுல்ஸ். அத்தைக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்து மிஷினைப் பிடிக்க முடியாது. கிச்சன் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும்தான்.

சரியாக அந்த நேரத்துக்கு அம்மா போன் செய்வாள். ஸ்பீக்கரில் போடுவேன்.

"காலுக்கு சோப்பு போட்டியா, கண்ணு?"

பின்னால் அப்பா சிரிப்பது கேட்கும். வெளியே ஹாலில் அத்தை, ஆபீஸ் விட்டு வந்த மகள் காலைக் கழுவினாளா என்று போனில்கூட விசாரிக்கும் அம்மா யாருக்குக் கிடைப்பாள் என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.