சிவப்புக் காரை விற்பதாக இல்லை

டாக்குரியா,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி பட்டாபிக்கு ஜம்புநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்கா சகுந்தலாவும் சௌக்கியம். காருக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே எல்லோரும் நலமாக இருக்க பகவானை வேண்டுகிறேன்.

"அத்திம்பேர், அந்த ஓட்டைக் காரை வித்துத் தொலையுங்கோ" என்று எழுதியிருந்தாய். விற்பதாக இல்லை. ரெண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத, 1967-ம் வருஷத்துக் கார் அது. ராஜாக்களுக்காகச் செய்ததல்ல. சீமையில் குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் தவணையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்களை ரேஸ்காரர்களாக நினைத்துக்கொண்ட வண்டி. தரைக்கு அரையடி உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் முப்பதில் போனாலே நூறில் பறக்கிற மாதிரி இருக்கும். இந்த வங்காளத்துத் துறைமுக ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் தள்ளியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லு.

போன ஞாயிறு நடந்ததை உன் அக்கா ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். உள்ளது இதுதான். காப்பிப்பொடி வாங்க இருவரும் லேக் மார்க்கெட் போனோம். திரும்புகையில் மழை பிடித்தது. துணிக்கூரையை மாட்டப் பதினாலு கொக்கி போட வேண்டும். பன்னிரண்டாவதைப் போடும்போது மழை நின்றுவிட்டது, கூரையைக் கழற்றிச் சுருட்டினேன். உடனே மறுபடி தூற, அவள் குடையை விரிக்க, நான் அவசரமாகக் கிளப்ப, குடை பறந்து ஓர் ஆட்டோவின் முன்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரன் "காக்கிமா, சாதா! சாதா!" (சித்தி, குடை! குடை!) என்று வங்காளியில் கத்தியபடி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்குரியா பாலம் வரை துரத்தி வந்தான். நல்ல மனுஷன். எங்களால்தான் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது. பாலத்து ஏற்றத்தில் அதுவே நின்றுவிட்டது. டிராபிக் சார்ஜென்ட் குனிந்து பார்த்து, இது பொம்மையா தாத்தா என்று வங்காளியில் கேட்டார். எட்டுப் பேர் தள்ளினார்கள். அதற்கு முன்னால் ரெண்டு பேர் என்னைத் தூக்கி வெளியே எடுத்தார்கள், ஏனென்றால் அதில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா புடவையைப் பிழிந்தபடியே, "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்றாள்.

சாந்த்ராகாச்சியில் பட்டறை வைத்திருக்கும் நம் கீழக்கரை அப்துல் ரஹீம்தான் இந்தக் காருக்கு வைத்தியர். அவரிடம் யோசனை கேட்டேன். "சார், இத விக்கிறதா இருந்தா மொதல்ல என்னைய வித்துருங்க" என்றார். அப்படிச் சொல்ல அந்த ஒருவராவது இருக்கிறாரே!

வரும் ஞாயிறு பழைய கார்கள் ஊர்வலம். வண்டிக்கு ரெண்டு பேர் கட்டாயம். உன் அக்காவைக் கெஞ்சினேன். "வரேன். ஆனா திங்கட்கிழமை அதை வித்துடணும்" என்கிறாள். நீ போன் செய்து அந்த நிபந்தனையை விடச் சொல்லு. அவள் சொன்னால் சாப்பாட்டில் உப்பை விடுவேன், காப்பியைக்கூட விடுவேன். காரை விட மாட்டேன். இது உறுதி.

குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு
உன் அத்திம்பேர்
ஜம்புநாதன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்து போய்விட்டது. ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நகருங்கோ" என்று என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு உன் அக்கா ஓட்டினாள். நெய்வேலியில் உங்கள் அப்பாவின் ஜீப்பை ஓட்டிப் பழகியவளாம்! முப்பத்தெட்டு வருஷமாக நீங்கள் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே? பாலத்தில் நிற்காமல் ஏறினாள். வெள்ளிக் கோப்பை வேறு கொடுத்தார்கள். அன்றிலிருந்து சாவி அவள் இடுப்பில். காலையில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஏரியைச் சுற்றக் கிளம்பினால் பத்து மணிக்குத்தான் எனக்குக் காப்பி. ஆகையால் நீ உடனே போன் செய்து, எப்படியாவது அந்தக் காரை விற்கச் சொல்லு. அடுத்த வருஷத்து விண்ணப்பத்தை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் யார் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது.