உடம்பு ஒரு ஊர், வாய் ஒரு ஊர்

சாக்ஸபோனின் புனல் மாதிரி விரிந்த வாயில் பொறித்திருந்த பேரைப் படிக்கத்தான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அதைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்ததில் கறுப்பு போனது. கூடவே பேரும் போனது.

"பாதிதான் போயிருக்கு," என்றார் மனைவியிடம்.

"மீதியையாவது விட்டு வைங்க. அத்தை எழுந்துடப் போறாங்க."

அத்தை என்றது அவருடைய அம்மாவை. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா இவர்களோடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவள் சாமான்களோடு ஒரு கறுப்புப் பெட்டியும் வந்து அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பெட்டியை விட்டுவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார் கண்ணாடிக்காரர்.

அப்பாவைப் பற்றி அவருக்கு நினைவிருப்பது ஒரு சத்தம்தான். முகம்கூட இல்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், தொண்டை கட்டிய ஆள் யாருக்கும் கேட்காமல் பாடுவது மாதிரி. அதைக் கேட்டபடியே தூங்கிப்போவார். அப்புறம் அப்பா இறந்துபோனார், சத்தமும் நின்றது. "அம்மா முன்னாடி அந்த வாத்தியத்தைப் பத்திப் பேச்செடுக்காதே, தாங்க மாட்டா," என்று பெரியம்மா சொல்லிவைத்தாள். அவர் எடுக்கவில்லை. தலை நரைத்த பிறகும் எடுக்கவில்லை.

இது எந்த ஊரில் செய்தது என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. அப்பா அங்கே போயிருப்பார், ஏதோ ஒரு கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றிருப்பார். வெறும் சத்தமாக இருந்தவர் ஒரு ஆளாகிவிடுவார்.

பேர் போனால் என்ன, முதுகில் தயாரிப்பு எண் இருக்குமே. எண்ணை ஒரு கம்பி மறைத்தது. கம்பியைக் கழற்றினார். உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளி எங்கோ போனது. கம்பி பிடித்து வைத்திருந்த துளை மூடிகள் எல்லாம் பொலபொலவென்று மடியில் விழுந்தன. திருகாணிகளையாவது பத்திரப்படுத்துவோம் என்று காலி டம்ளரில் போட்டுவிட்டு ஸ்பிரிங்கைத் தேடி மேஜைக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது டம்ளரைக் காணோம்.

"இங்க இருந்த டம்ளர் எங்க?"

"கழுவிட்டேனே."

"அதுல திருகாணி இருந்துச்சு!"

"காப்பி இருந்தாக்கூடப் பாத்திருப்பேன். திருகாணி இருக்கும்னு யாரு கண்டா?"

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைக் கழற்றினார். திருகாணி கிடைத்தது. ஆனால் குழாயைத் திரும்ப மாட்ட முடியவில்லை. சமையலறையில் மிதியடி மிதக்க ஆரம்பித்தது. உள்ளே அம்மாவின் கட்டில் கிறீச்சிட, மனைவி சாக்ஸபோனை அழுக்குத் துணிக் கூடைக்குள் தள்ளிப் போர்வையால் மூடினாள்.

"என்னடா இது?" என்றாள் அம்மா வாசற்படியில் நின்று.

"குழாய் ஒழுகுதும்மா."

"நீ தொடுறதுக்கு முன்னாடியா, தொட்ட பின்னாடியா?"

மறுநாள் கூடையோடேயே வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் போனார். அவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"பாதிப் பேரு இருக்கு. இதை வெச்சு எங்க செஞ்சதுன்னு சொல்லிட முடியாதா?"

"முழுப் பேரு இருந்தாலும் முடியாது சார். இது வித்த கடையோட பேரு. அப்பல்லாம் ஒருத்தன் செஞ்சு குடுப்பான், இன்னொருத்தன் தன் பேரைப் பொறிச்சு விப்பான்."

"அப்ப எண்ணு?"

பழுது பார்ப்பவர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைகளின் விளிம்பை விரலால் தடவினார். வாயை உடம்போடு சேர்க்கும் வளையத்தைச் சுரண்டினார்.

"எண்ணு உடம்புக்குத்தான். விளிம்பைச் சுருட்டி விட்டிருக்கான் பாருங்க, அது ஒரு நாட்டு வேலை. வாய்ல இருக்கிற பூவேலை வேற நாடு. எப்பவோ அடிபட்டு, வேற ஒண்ணோட வாயை எடுத்துப் பத்த வெச்சிருக்காங்க. உடம்பு ஒரு ஊரு, வாய் ஒரு ஊரு."

"கழுத்து?"

"கழுத்தை நீங்க கேக்காம இருந்தா நல்லது."

கண்ணாடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனசுக்குள் அப்பா இப்போது மூன்று கடை வாசல்களில் நின்றார். மூன்றிலும் முதுகுதான் தெரிந்தது.

அவர் முகத்தைப் பார்த்துப் பழுது பார்ப்பவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்க செஞ்சதுன்னு சொல்ல முடியல. எப்படிப்பட்ட ஆளு வாசிச்சதுன்னு கொஞ்சம் சொல்லலாம். சுண்டுவிரல் அமுக்குற இடத்துல பாருங்க, தக்கையைச் சீவி உயரம் குடுத்து ஒட்டியிருக்கு. விரல் எட்டாதவங்க இப்படிச் செஞ்சுக்குவாங்க. உங்கப்பாவுக்குக் கை ரொம்பச் சின்னதா?"

அவருக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அகலமான கை. கண்ணாடிச் சட்டங்களைத் திருகும்போது எப்போதும் இடைஞ்சல் செய்யும் கை. இத்தனை வயதுக்கு அப்பாவின் கை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது கூடை கனத்தது.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கூடையைத் தூக்கிட்டு எங்கடா போய்ட்டு வர்றே? வீட்ல துவைக்கிற இடம் இல்லையா?"

மனைவி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. அவர் போர்வையை எடுத்துவிட்டார்.

அம்மா ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். பேர் அழிந்த இடத்தைத் தடவினாள். திட்டவில்லை, அழவுமில்லை.

"அம்மா, கோவிச்சுக்காதே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பாவுக்குக் கை சின்னதா?"

"உங்கப்பாவுக்கா? முறம் மாதிரி இருக்கும்."

"அப்ப விரல் எட்டாம தக்கை ஒட்டி வெச்சு வாசிச்சது...?"

"அவர் எங்கடா வாசிச்சார்? நான்தான் வாசிச்சேன், நான் முடிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளியே உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவர்தான் உங்கப்பா."