தலையணை டாக்டரோடு நான் பட்ட பாடு

தாம்பரத்துக்கும் படப்பைக்கும் நடுவே தலையணை டாக்டரைவிட மனிதரைக் கடுப்பேற்றிய பிறவி ஒன்று இருந்திருக்க முடியாது. எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நானும் அந்த அம்மாளும் அடுத்தடுத்த அறைகளில் டாக்டர்கள். இருவருக்கும் ஒரே வயது. என்னிடம் வந்தது சளியும் காய்ச்சலும். அவரிடம் வந்ததெல்லாம், "இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்கள்.

அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். நர்சிங் ஹோம் தலையணைகளும் கூடவே போகும். முட்டிகளுக்கு நடுவில் ஒன்று, முதுகுக்கு அண்டை கொடுக்க ஒன்று, குதிகால் மெத்தையில் படாமலிருக்க ஒன்று. ஒருநாள் மதியம் கண்ணயரலாம் என்று போனேன். ட்யூட்டி ரூம் கட்டில் மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு, "உங்களுக்கு என்ன, படுக்கைப் புண்ணா வரப்போகுது?" என்றார்.

அந்தக் காலத்தில் வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அனுமதிக்காக அவர் ஆபீஸ் ஆபீஸாக நடப்பார். அவருடைய நோயாளிகள் என் தலையில் விடிவார்கள். மாத்திரை கிடைத்துவிட்டால் அடுத்த தொல்லை. மார்ஃபின் மலத்தைக் கட்டும். அதனால் பேதி மருந்தும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, விசாரணையை விடாமல் நடத்துவார். ஒரு கல்யாணப் பந்தியில் என் இலையில் பாயசம் விழுந்த நேரம், எதிர்வரிசைப் பெண்ணிடம் இங்கிருந்தே கேட்டார்.

"உங்க மாமனார் மோஷன் போனாரா?"

"போனார் டாக்டர்."

"இறுக்கமாவா, இளக்கமாவா?"

பாயசத்தோடு உறவை முறித்துக்கொண்டேன்.

ஆனால் முடிச்சூரில் நடந்ததுதான் உச்சம். அவருடைய ஸ்கூட்டர் ரிப்பேர் என்பதால் என் வண்டியையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நோயாளி, நிலமெல்லாம் மனைகளாகிப் போன பழைய விவசாயி. வயிற்றில் புற்றுநோய். மகன்கள் இருவரும் வாசலிலேயே மறித்தார்கள்.

"வயித்துல வாயுன்னுதான் அப்பா கைல சொல்லிகிறோம் டாக்டரம்மா. நீங்களும் அப்டியே சொல்லிடுங்க. தெரிஞ்சா அன்னிக்கே போய்டுவாரு."

உள்ளே போனோம். பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "இது வாயு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. பசங்க கைல சொல்லிடாத. தாங்க மாட்டானுங்க."

வாயு என்பதால் பத்தியமாகக் கஞ்சித் தண்ணி மட்டும். வலி என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பி மகன்கள் டாக்டர் கொடுத்திருந்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் வியர்வையில் நனைந்து, சுருண்டு கிடந்தார். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க பசங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பெரியவர் யோசித்தார். "நீயே சொல்லிடு. நான் கண்ண மூடிக்கிறேன்."

மூடியும் கொண்டார். டாக்டர் மகன்களைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

மூத்தவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "எப்போலேந்து?"

கண்ணைத் திறக்காமலே பெரியவர் பதில் சொன்னார். "நீ வாயுன்னு சொன்ன அன்னிலேந்து. உனுக்குப் பொய் சொல்லவே வராதுடா."

சின்னவன் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான். பெரியவர் கையால் துழாவி அவன் தலையைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் வாயு இல்லன்னு ஆயிட்ச்சே. கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லு" என்றார்.

"ஆசைப்பட்ட அளவு குடுங்க" என்றார் டாக்டர். "மாத்திரைய வலி வந்தப்புறம் தேடாதீங்க. அவர் கேக்கலைன்னாலும் நேரத்துக்குக் குடுங்க."

அதன்பின் வலி அடங்கியது. அப்பாவும் பிள்ளைகளும் இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் பேசினார்கள். சில வாரங்களில், ஒரு காலை நேரம், மகன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அவர் உயிர் வீட்டிலேயே அடங்கியது.

செய்தி வந்ததும் டாக்டர் என் அறைக்கு வந்து, நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வெளியே என் நோயாளிகள் வரிசையாக இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. "வலி இல்லாமப் போனார் சார்" என்று சொல்லிவிட்டு அழுதார். என்ன செய்வதென்று புரியாமல் டீ வரவழைத்தேன். என் டீயையும் அவரே குடித்தார்.

நானும் ஒருநாள் படுத்த படுக்கையாவேன். அப்போது யாரைக் கூப்பிடுவது என்று என் வீட்டார் யோசிக்க வேண்டாம். அந்தத் தொல்லையையே கூப்பிடட்டும்.