எந்தப் பக்கமும் சாயாத காந்தம்

ஓசூரில் எந்த முடிவும் எடுக்காமல் முப்பத்து நான்கு வயது வரை சௌக்கியமாக வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் அறைத் தோழர் 'காந்தம்'தான். எண்பதுகளில் ஒரு தொழிற்சாலையில் காந்தம் செய்யும் பிரிவில் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனி வாசலில் எதிரும் புதிருமாக இரண்டு டீக்கடைகள். ஒரே பால், ஒரே தூள், ஒரே விலை. எங்களுக்கு அது விஷயமே இல்லை. காந்தத்துக்கு அது பெரிய சிக்கல். "ரெண்டும் ஒண்ணா இருக்கும்போது எந்தக் காரணத்துல ஒண்ண விட்டுட்டு ஒண்ணுக்குப் போறது?" என்று நடுச்சாலையில் நின்று யோசிப்பார். லாரிக்காரர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில் இந்தக் கடையில் அரை டீ, அந்தக் கடையில் அரை டீ குடிப்பார். எந்தக் காலை முதலில் வைப்பது என்ற குழப்பத்தில் படியிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து இறங்குகிற ஆளை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சதுரமான ஒரே அறையில் நாங்கள் எட்டுப் பேர். வார நாட்களில் ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் பிரச்சினை இல்லை. ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஒன்றாகப் படுக்கும்போதுதான் யுத்தம். ஆளுக்கொரு பக்கம் தலை வைப்போம். என் மூக்குக்கு நேராக மஞ்சுநாத்தின் கால், அவன் காதுக்குப் பக்கத்தில் இன்னொருவன் முழங்கால். ஒரே பக்கமாகப் படுக்கலாம் என்றால், "எந்தப் பக்கம்? நாலு சுவரும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று காந்தம் குறுக்கே விழுவார். மறுபடியும் ஆளுக்கொரு பக்கம்தான்.

ஒரு ஞாயிறு மஞ்சுநாத் இரட்டை ஷிஃப்ட் முடித்துத் தள்ளாடி வந்தான். யாரையும் கேட்கவில்லை. பாயை விரித்து, ஜன்னல் பக்கம் தலை வைத்து விழுந்தான். அவனை எழுப்ப மனமில்லாமல் பக்கத்து ஆள் அதே பக்கம் படுத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து நான். பத்தே நிமிஷத்தில் ஏழு பாய்கள் வரிசையாகக் கிடந்தன. வாசலில் நின்ற காந்தத்தின் கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களாய்யா! எங்க சூளையில இதான் நடக்குது!"

"தூங்க விடுய்யா."

"சிவக்கச் சிவக்கச் சூடேத்துனா காந்தம் ஒரு குண்டூசியக்கூடப் புடிக்காது. உள்ள இருக்கிற துளித்துளிக் காந்தமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பாக்குது. மொத்தத்துல எந்தப் பக்கத்துக்கும் ஒசத்தி இல்ல, தாழ்வு இல்ல. ஆற ஆற, பக்கத்துல இருக்கிறவன் எங்க பாக்கிறானோ அங்க இவனும் திரும்புறான். அப்பிடியே கூட்டமா ஒரே பக்கம் நிக்கிது. ஏன் அந்தப் பக்கம்னு கேட்டா காரணமே கெடையாது! ஆனா அப்பிடி ஒரு பக்கம் சாஞ்சாத்தான் ஒழுங்கே வருது. தண்ணி ஒறஞ்சு கட்டியாகிறதும் இதே கதைதான்."

"அப்ப நீயும் சாயேன்" என்றான் மஞ்சுநாத், கண்ணைத் திறக்காமல். காந்தம் எட்டாவது பாயை விரித்தார். அதன் பிறகு அந்த அறைக்கு யார் புதிதாக வந்தாலும், ஒரு வார்த்தை கேட்காமல் ஜன்னல் பக்கம்தான் தலை வைத்தார்கள்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஸ்டெல்லா விஷயத்தில் மட்டும் ஆறவே இல்லை. ஸ்டெல்லா எங்கள் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பெண். இவர் செய்த காந்தங்களைச் சோதித்து அனுப்புவாள். மூன்று வருஷமாக இரண்டு பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். கேட்டால் இரண்டு வீட்டிலும் யாரும் மறுக்கப்போவதில்லை. தடையெல்லாம் இவர் வாய்தான்.

"சொல்லணும்னு எவ்வளவு தோணுதோ, சொல்ல வேண்டாம்னும் அவ்வளவு தோணுதுய்யா" என்பார் பரிதாபமாக.

ஒருநாள் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். "அண்ணா, வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. வேலைய விடறதா எழுதிக் குடுத்துட்டேன். சனிக்கிழமை ரெண்டு மணி பஸ்ல ஊருக்குப் போறேன். அவரு ஒரு வார்த்தை சொன்னா அந்தக் காகிதத்தத் திருப்பி வாங்கிக்குவேன். இல்லாட்டிப் போனது போனதுதான்" என்றாள்.  எனக்கு அந்த மனிதரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

சனிக்கிழமை, விஷயத்தைச் சொல்லி, வேலைக்குப் போட்ட காக்கிச் சட்டையோடு அவரை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனேன். ஸ்டெல்லா முன் சீட்டில், பக்கத்து இடத்தைக் காலியாக வைத்து உட்கார்ந்திருந்தாள். காந்தம் பஸ் கம்பியைப் பிடித்தார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அப்படியே சிலையாகிவிட்டார்.

"ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு! நடுவுல நின்னா நான் எப்பிடி விசில் குடுக்கிறது?" என்று கண்டக்டர் கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளிவிடலாம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். பஸ்ஸும் போய்விட்டது.

வழியில் சூளகிரி வரை டிக்கெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "நான் இந்தப் பக்கமே இருந்துடறேன்" என்றாராம். ஸ்டெல்லாவுக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக ஆபீசுக்குப் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாம்பழ சீசனுக்கும் எனக்கு ஒரு கூடை வந்துவிடும். எல்லாப் பழத்தின் காம்பும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். கூடவே ஒரு சீட்டு: 'அன்னைக்கு நீ தள்ளலன்னா நான் இன்னும் படியிலதான் நின்னுட்டிருப்பேன்.'

உண்மை என்னவென்றால், அன்று என் கை அவர் முதுகைத் தொடவே இல்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. யாரும் தள்ளாமல், ஒரு காரணமும் இல்லாமல், அவராகத்தான் சாய்ந்தார். சொன்னால் அவருடைய சூளைத் தத்துவமே ஜெயித்துவிட்டதென்று துள்ளிக் குதிப்பார். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட நினைத்துக் கடிதம் எழுத உட்காருகிறேன். 'பழம் கிடைத்தது, இனிப்பாக இருந்தது' என்பதற்கு மேல் எழுத வரவில்லை. அந்த இரண்டு பேரின் வாழ்க்கையில் என் கையும் பட்டிருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.