மனம் படிக்கும் குறிப்பேடு: என் மதிப்பீடு

மேஜிக் சங்கத்தின் மாத இதழில் 'மனம் படிக்கும் குறிப்பேடு' பற்றி நான் எழுதிய மதிப்பீட்டை முழுமையாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன். "பார்வையாளருக்குத் துளியும் சந்தேகம் வராது, என் மனைவிக்கே வரவில்லை" என்று வேறு எழுதித் தொலைத்தேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான் தொழிலில் லிப்ட் பழுது பார்ப்பவன். வாரமெல்லாம் ஊராரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலமானால் சங்கத்துக்குப் போய் மந்திரக்கோலைச் சுழற்றுவேன். பதினோரு வருஷப் பழக்கம். ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் எனக்குத் திரை இழுக்கும் வேலைதான் கிடைத்தது. இந்த முறை சங்கத் தலைவரே கூப்பிட்டார்.

"புதுசா ஒரு சாமான் வந்திருக்கு. ரெண்டு வாரம் வெச்சுப் பார்த்து அறிக்கை எழுதுங்க. நல்லா இருந்தா ஆண்டுவிழா மேடையில நீங்களே செஞ்சு காட்டுங்க. முந்நூறு பேர் வராங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாமான் பார்க்கச் சாதாரணம்தான். உள்ளங்கை அளவு, தோல் அட்டை போட்ட குறிப்பேடு. எதிரே இருப்பவர் எதையாவது எழுதி, தாளைக் கிழித்து, மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். எழுதியதன் நகல் பின்னட்டையில் ஒரு சின்ன மடிப்புக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஏட்டை மூடுகிற சாக்கில் நாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும். பெயர், பிறந்த தேதி, படம், பழைய காதல் என்று ஒன்பது விதமாகப் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மனைவி என்று அதில் இல்லை. பத்தாவதாக நான் சேர்த்துக்கொண்டேன்.

சோதனைக்கு விஷயம் தெரியாத ஆள் வேண்டும். அது எங்கள் தொழில் தர்மம். என் வீட்டில் என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

"ஏதாவது ஒண்ணு மனசுல நினைச்சு இதுல எழுதேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீங்க சும்மா எதையும் கேட்க மாட்டீங்களே."

"எழுதேன்மா."

எழுதினாள். கிழித்தாள். மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் ஏட்டை வாங்கி மூடினேன். 'படுக்கையறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் போடணும்.'

நேராக எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, நான் நினைச்சதையே செய்யறீங்க?"

"புருஷன்னா சும்மாவா?"

அறிக்கைப் படிவத்தில் 'பார்வையாளர் வியப்பு' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். மறுநாள் சமையலறைக் குழாய். அதற்கு மறுநாள் ஆடுகிற அலமாரி. நாலாம் நாள் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட். ஐந்தாம் நாள் என் மச்சானுக்கு நானே போன் செய்து, போன வருஷச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். சண்டையை ஆரம்பித்தவர் அவர். போனிலேயே நெகிழ்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக. ஒவ்வொரு தடவையும் அவள் கன்னத்தில் கை வைத்தாள், நான் பூரித்துப்போனேன். பூரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டதுகூட உறைக்கவில்லை. அறிக்கையை மாத இதழுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஆண்டுவிழா சனிக்கிழமை. வியாழக்கிழமை கடைசி ஒத்திகை பார்த்தேன்.

"இன்னிக்கு, ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஆசை ஒண்ணை எழுதும்மா. கொஞ்சம் பெருசாவே."

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

'இந்தச் சனிக்கிழமையாவது இவர் வீட்டில் இருந்தால் போதும்.'

பதினோரு வருஷம். எத்தனை சனிக்கிழமை. அத்தனையிலும் இவள் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் என்னடாவென்றால் சீட்டுக்கட்டில் ராணியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே தலைவரைப் பார்த்து, முதுகுவலி என்று சொல்லி, குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரி, நம்ம பல் டாக்டரைச் செய்யச் சொல்றேன்" என்றார். பல் டாக்டருக்குச் சீட்டை ஒழுங்காகக் கலைக்கக்கூட வராது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டீ போட்டாள். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்தோம். ஆறு மணிக்குத் திரை விலகியிருக்கும். ஆறே காலுக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"உனக்காகத்தான் மேடையை விட்டுக்கொடுத்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க படிக்கணும்னுதானே எழுதினேன்."

டீ புரையேறியது.

"அந்தப் பின்னட்டை விஷயம் உனக்குத் தெரியுமா?"

"பின்னட்டையெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? நீங்க எதைப் படிச்சாலும் உதடு அசையும். முதல் நாளே 'கீலுக்கு எண்ணெய்'னு எழுத்துக்கூட்டிப் படிச்சீங்க. எதிர்லதானே நின்னேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதாவது கத்திக் கெடுகிறது. நான் சத்தமே போடாமல் கெட்டிருக்கிறேன்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அப்புறம் குழாயை யாரு பார்ப்பா?"

"அப்ப அந்தச் சனிக்கிழமை ஆசை? அதுவும் பொய்தானா?"

"அது பொய்யில்லைங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "முந்நூறு பேர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதை நினைச்சேன், தாங்கலை. பக்கத்துல இருக்கணும்னு நினைச்சதும் நிஜம்தான். பதினோரு வருஷமா நினைச்சது."

கோபப்படவும் வழி வைக்கவில்லை. மேடை போனது வலித்தது. இத்தனை சனிக்கிழமைகள் போனது அதைவிட வலித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பார்த்துத் தலைவர் போன் செய்தார்.

"நீங்க வராம போயிட்டீங்களே. பல் டாக்டர் பிச்சு உதறிட்டார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டுது. கிளினிக்குல போடற மாஸ்க்கை வாயில மாட்டிக்கிட்டு மேடைக்கு வந்தார், கண்ணு மட்டும்தான் தெரியுது. அவருக்கும் படிக்கறப்போ உதடு அசையுமாம். மாஸ்க் போடற யோசனை உங்க வீட்டம்மா சொன்னதாமே."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"டாக்டர் சம்சாரம் நேத்து போன் பண்ணாங்க" என்றாள். "என்ன பண்ணலாம்னு கேட்டாங்க. சொன்னேன்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நீங்க எங்கங்க கேட்டீங்க? படிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க."